ஏகாம்பரகுப்பம் போவதும் சிங்கப்பூர் போவதும்

(திருத்தணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய நெசவாளர் குடும்பத்தார் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "படித்து முடித்து வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி பேசுங்கள்" என்றார்கள். அதனால் பல நாடுகளைத் தொட்டுத் தொட்டுப் போகாமல் ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூர். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரச் சொச்சத்தில் இறங்கிவிடலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. அதோடு, படித்த தொழில் வல்லுநர்கள் போய்வருவதற்கென்றே தனி அத்தியாயம் எழுதி இந்தியா செய்துகொண்ட வணிக உடன்படிக்கை அந்த நாட்டோடு இருபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது.

ஆனாலும் நம் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, திருத்தணி வட்டம் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போயிற்று. மங்கலங்கிழார் ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்பித்து உணர்வூட்டிய மண் இது. ம.பொ.சி.யும் அவர் பின்னால் நின்றவர்களும் போராடினார்கள், சிறை சென்றார்கள். எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கர் பரிந்துரைத்து, 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு இரண்டு முறை நகர்ந்தது. ஆனால் திருத்தணியில் ரயிலேறி ஆந்திரப் பக்கம் உள்ள ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி நகரியில் வேலை பார்த்தவர் அந்த இரண்டு முறையும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நாடெங்கும் போகவும், தங்கவும், தொழில் செய்யவும் குடிமகனுக்கு உரிமை தந்திருக்கிறது. தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூராருக்கே என்று 2019இல் ஆந்திர அரசு சட்டம் கொண்டுவந்தபோது, ஸ்ரீசிட்டிப் பக்கம் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு வயிற்றில் புளி கரைந்தது. அப்போதும் வாதாடுவதற்கு ஒரு பிரிவும் ஒரு நீதிமன்றமும் நமக்கு இருந்தன.

நாட்டு எல்லையைத் தாண்டினால் அந்தப் பிரிவு நம்மோடு வராது. இன்று நான் சொல்லப்போவது முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியதுதான். ஏகாம்பரகுப்பம் போவது உரிமை. சிங்கப்பூர் போவது, எத்தனை உடன்படிக்கை இருந்தாலும், இன்னொரு நாடு தரும் இசைவு. அந்த இசைவும் ஆளுக்குத் தரப்படுவதில்லை, குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம் இருக்கும் குறிப்பிட்ட ஒரு வேலைக்குத் தரப்படுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் கடன் வாங்கி ஏமாறுகிறார்கள், வேலை போனதும் திகைத்து நிற்கிறார்கள்.

இந்த ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்பால்டிங் பேராசிரியர் ஆனார். அன்று இந்தியர்கள் பிரிட்டிஷ் முடியின் குடிகள். அந்தத் தகுதியிலேயே இங்கிலாந்துக்குள் நுழைய முடிந்தது. 1962இல் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வந்த பிறகு வேலைச் சீட்டு இல்லாமல் போக முடியவில்லை. மலாயாவும் சிங்கப்பூரும் அதற்கும் முன்பே, 1950களின் தொடக்கத்திலேயே, கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டன. நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் போதும் என்றிருந்த காலம் அத்தோடு முடிந்தது.

உடன்படிக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு அண்டை நாடுகளையே பாருங்கள். நேபாளத்தோடு 1950இல் செய்த ஒப்பந்தப்படி இரு நாட்டாரும் மற்ற நாட்டில் தங்கலாம், தொழில் செய்யலாம். விசா என்ற பேச்சே இல்லை. இலங்கையோடு 2000 மார்ச் முதல் தடையற்ற வணிக உடன்பாடு இருக்கிறது, ஆனால் அது சரக்குகளுக்கு மட்டும். சேவைகளையும் சேர்த்து 'எட்கா' என்ற பெயரில் பேச்சு நடத்தியபோது, இந்திய மருத்துவர்களும் கணினிப் பொறியாளர்களும் வந்து குவிந்துவிடுவார்கள் என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. இலங்கை அரசு மருத்துவ அதிகாரிகள் சங்கம் முன்வரிசையில் நின்றது. தேங்காயும் துணியும் கடல் தாண்டுவதற்கு இல்லாத எதிர்ப்பு, படித்த ஆள் தாண்டுவதற்கு வந்துவிடுகிறது.

உலக அளவில் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஏற்பாடு வட அமெரிக்காவினுடையது. 1994இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா உடன்பாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட தொழில்களின் பட்டியல் இருந்தது. அதில் உள்ள ஒரு தொழிலுக்கு அமெரிக்க நிறுவனம் வேலைக் கடிதம் தந்தால், கனடா நாட்டுப் பொறியாளர் தன் பட்டச் சான்றோடு எல்லைச் சாவடிக்கே போய் அங்கேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டி விசா வேண்டாம், ஆண்டு உச்சவரம்பும் இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கலாம். 2020 ஜூலையில் உடன்பாட்டின் பெயர் மாறியபோதும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. அங்கேயும், அது தற்காலிகத் தங்கல் என்று ஒப்புக்கொண்டுதான் நுழைய வேண்டும். நிரந்தரக் குடியுரிமைக்கு அது படி ஆகாது.

இனி நம் கதை. 2005 ஜூன் 29 அன்று புதுதில்லியில் மன்மோகன் சிங்கும் லீ சியன் லூங்கும் முன்னின்று கையெழுத்தான விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்படிக்கை, சுருக்கமாகச் 'சீக்கா', அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒன்பதாம் அத்தியாயம் ஆட்கள் போய்வருவது பற்றியது. வணிகப் பேச்சுக்கு வருபவர், குறுகிய காலச் சேவை தருபவர், தொழில் வல்லுநர், ஒரே நிறுவனத்தின் கிளையிலிருந்து கிளைக்கு மாற்றப்படுபவர் என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். தொழில் வல்லுநருக்கான பட்டியலில் 127 தொழில்கள். நிறுவனத்துக்குள் மாற்றலாகி வருபவர் நீட்டிப்புகளோடு எட்டு ஆண்டு வரை இருக்கலாம். குடியுரிமை, நிரந்தரத் தங்கல், நிரந்தர வேலை ஆகியவற்றுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது என்றும் எழுதிவைத்தார்கள்.

127 என்ற எண்ணைக் காட்டித்தான் இங்கே ஏஜெண்டுகள் சிலர் பேசுகிறார்கள். "உங்க படிப்பு லிஸ்ட்டுல இருக்கு தம்பி, கவர்மென்ட் டு கவர்மென்ட் ஒப்பந்தம்" என்பார்கள். பட்டியலில் இருப்பதால் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தகுதி விதிகளில் ஒன்றுகூடத் தளராது. சம்பள வரம்பு, படிப்புச் சரிபார்ப்பு எல்லாம் எல்லா நாட்டாருக்கும் போலவே இந்தியருக்கும் உண்டு. 2021 ஜூலை 6 அன்று சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் இரண்டு அமைச்சர்கள், ஓங் யீ காங்கும் டான் சீ லெங்கும், இதைத்தான் விரிவாக விளக்கினார்கள். வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலைச் சீட்டான 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' வைத்திருந்தவர்கள் 2005இல் சுமார் 65,000 பேர், 2020இல் 1,77,000 பேர். அவர்களில் இந்தியர் பங்கு ஏழில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக உயர்ந்திருந்தது. ஆனால் உடன்படிக்கையின் வழியாக நிறுவனத்துக்குள் மாற்றலாகி வந்த இந்தியர் 2020இல் ஏறத்தாழ 500 பேர்தான். மற்றவர்கள் கணினித்துறை வளர்ச்சியாலும் நிறுவனங்களின் தேவையாலும் பொது விதிகளின்படி வந்தவர்கள்.

அமைச்சர்கள் இப்படி விளக்கம் சொல்ல வேண்டி வந்ததன் பின்னணி வேதனையானது. அந்த ஆண்டு, நோய்த்தொற்றும் வேலை அச்சமும் சேர்ந்து, இந்த உடன்படிக்கையின் பெயரே அங்குள்ள சிலரது வாயில் இந்தியரைத் திட்டும் சொல்லாகிவிட்டது. பாட்டன் காலத்திலிருந்தே சிங்கப்பூரர்களான தமிழர்களும் அந்த வசவைக் கேட்டார்கள். இங்கிருந்து போகிற நம் பிள்ளைகள் இதை அறிந்து போக வேண்டும். அங்கே வேலை தேடும் உள்ளூர் இளைஞனின் கவலையும் நியாயமான கவலைதான். ஆந்திரத்தின் 75 சதவீதச் சட்டத்தைக் கேட்டு நாம் பதறினோமே, அந்தச் சட்டம் வேண்டுமென்று கேட்டவர்களும் வேலையில்லாத பிள்ளைகளைப் பெற்றவர்கள்தானே.

அந்தக் கவலைக்குப் பதிலாகச் சிங்கப்பூர் அரசு எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் கொண்டுவந்ததுதான் 'காம்பஸ்' என்னும் புள்ளி முறை. புது விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பர் 1 முதலும், புதுப்பித்தலுக்கு அதற்கு ஓராண்டு கழித்தும் நடைமுறைக்கு வந்தது. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதல் வாசல் சம்பளம். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சம் மாதம் 5,600 வெள்ளி, நிதித்துறை என்றால் 6,200 வெள்ளி. வெள்ளி என்பது அங்குள்ள தமிழர் டாலரைச் சொல்லும் சொல். வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும், நாற்பதுகளின் நடுவில் உள்ளவருக்கு 10,700 வரை போகும். இந்த வாசலைத் தாண்டியவருக்குத்தான் புள்ளிக் கணக்கு. 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, அந்த நிறுவனத்தில் உங்கள் நாட்டவர் எத்தனை பேர், உள்ளூராருக்கு நிறுவனம் எவ்வளவு வேலை தந்திருக்கிறது என்று நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றிலும் 20, 10 அல்லது 0. தட்டுப்பாடுள்ள தொழில்களுக்கும், அரசின் பொருளாதாரத் திட்டங்களில் பங்கேற்கும் நிறுவனங்களுக்கும் கூடுதல் புள்ளி.

நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படித்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அந்தத் துறையின் உள்ளூர்ச் சம்பளங்களோடு ஒப்பிட்டால் அவள் சம்பளம் நடுத்தரத்துக்கு மேலே, 10 புள்ளி. அங்கீகாரம் பெற்ற பட்டம், 10. உலகத் தரவரிசையில் முன்னணியில் உள்ள பல்கலைக்கழகமாக இருந்தால்தான் 20. வேலை தரும் நிறுவனத்தில் உயர்நிலைப் பணியாளரில் கால்வாசிக்கு மேல் இந்தியர், எனவே 0. உள்ளூர் வேலைவாய்ப்பில் நிறுவனம் சுமார், 10. கூட்டினால் 30. அனுமதி கிடையாது. அதே பெண், அதே சம்பளம், ஆனால் இந்தியர் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக உள்ள நிறுவனம் என்றால் அந்த 0 இருக்கும் இடத்தில் 20 வரும், மொத்தம் 50. இருபத்தைந்து பேருக்கும் குறைவான உயர்நிலைப் பணியாளர் உள்ள சின்ன நிறுவனம் என்றால், பின்னிரண்டு அளவுகோலுக்கும் தலா 10 தானாகவே கிடைக்கும், மொத்தம் சரியாக 40.

இது நம் வழக்கத்தையே தலைகீழாக்குகிறது. தமிழன் கடல் கடந்த வரலாற்றைப் பாருங்கள், தனியாகப் போனவர்கள் சொற்பம். மாமன் போன ஊருக்கு மருமகன் போவான், அண்ணன் இருக்கிற இடத்துக்குத் தம்பி போவான். செட்டிநாட்டார் கடைக்குப் பையன்களை அழைத்துப் போனதும், கங்காணி தன் ஊர்ச்சனத்தைத் தோட்டத்துக்குத் திரட்டியதும் அந்த வழியில்தான். கணினிக் காலத்திலும் "எங்க கம்பெனியில சொல்றேன், பயோடேட்டா அனுப்பு" என்பதுதான் நடந்தது. புதிய கணக்கில் நம்மவர் நிறைந்த நிறுவனமே நமக்குப் பாதகம். அந்தக் கணக்குக்குத் தமிழர், பஞ்சாபியர், தெலுங்கர் என்ற பிரிவு தெரியாது. அத்தனை பேரும் இந்தியர்தான். ஆகவே தெரிந்தவர் யாரும் இல்லாத நிறுவனங்களுக்கும் துணிந்து விண்ணப்பியுங்கள். தட்டுப்பாட்டுத் தொழில்களின் பட்டியலை அமைச்சு வெளியிடுகிறது. எந்தச் சிறப்புப் படிப்பை எடுப்பது என்று மூன்றாம் ஆண்டிலேயே அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஏஜெண்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிக்க நிறுவனத்தாலோ நிறுவனம் அமர்த்திய முகவராலோதான் முடியும். வேலை தேடுபவர் தானாக விண்ணப்பிக்க வழியே இல்லை. "முதலில் பாஸ் எடுத்துத் தருகிறேன், போனபிறகு வேலை தேடிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள வேலைவாய்ப்பு முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் இரண்டு மாதச் சம்பளம். வேலை தந்ததற்காக முதலாளி கையில் காசு வாங்கினால் அது குற்றம். காகிதத்தில் ஒரு சம்பளம் காட்டி, கையில் வேறு சம்பளம் தருவதும், போலிச் சான்றிதழ் வைப்பதும் நடக்கின்றன. பொய்த் தகவல் தந்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்னனுமதிக் கடிதம், நம்மவர் வாயில் 'ஐ.பி.ஏ.', கைக்கு வந்ததும் அதை வரிவரியாகப் படியுங்கள். முதலாளி பெயர் என்ன, பதவி என்ன, நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். உங்களிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னதற்கும் கடிதத்தில் உள்ளதற்கும் வேறுபாடு இருந்தால் விமானம் ஏறாதீர்கள்.

'எஸ் பாஸ்' பற்றியும் கேட்பீர்கள். டிப்ளமோ படித்த தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு அதுதான் வழி. 2025 செப்டம்பர் முதல் அதன் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. நிறுவனத்துக்கு இத்தனை பேர் என்று கோட்டா உண்டு, தலைக்கு இவ்வளவு என்று முதலாளி மாதத் தீர்வையும் கட்ட வேண்டும். தீர்வை முதலாளி கட்டுவது. அதை உங்கள் சம்பளத்தில் பிடித்தால் அது சட்ட விரோதம்.

வேலை போனால் என்ன ஆகும்? சீட்டு வேலையோடு பிறந்தது, வேலையோடு போகும். நிறுவனம் சீட்டை ரத்து செய்ததும் பொதுவாக 30 நாள் பார்வையாளராகத் தங்கலாம். அதற்குள் இன்னொரு நிறுவனம் புதிதாக விண்ணப்பித்து, புதிதாகப் புள்ளி கணக்கிட்டு, புது அனுமதி வர வேண்டும். வருமான வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை. ஆக, வேலை போன அந்த மாதம் கைக்குக் காசு வராது. வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அதே மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும். கூடப்போன மனைவியின் சார்ந்தோர் சீட்டும் அதோடு முடிந்துவிடும். 2021 மே முதல் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நினைத்த வேலைக்குப் போகவும் முடியாது, வேலை செய்யத் தனி வேலைச் சீட்டு வாங்க வேண்டும். எம்.எஸ்சி. படித்த பெண்கள் இதனால் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்க நேர்கிறது. கல்யாணம் பேசும்போதே இரு வீட்டாரும் இதைப் பேசியாக வேண்டும். பெற்றோரை நீண்ட நாள் உடன் வைத்துக்கொள்ள மாதம் 12,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள மத்திய சேமநிதி வெளிநாட்டவருக்குக் கிடையாது. முதுமைக்கான சேமிப்பை முதல் சம்பளத்திலிருந்தே தானாகத் தொடங்கியாக வேண்டும்.

உடன்படிக்கை பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது செய்யக்கூடியதை நாம் செய்யவைக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. 2005இலேயே கணக்குத் தணிக்கை, கட்டடக்கலை, மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம் ஆகிய படிப்புகளை இரு நாடும் பரஸ்பரம் ஏற்பது பற்றிப் பேசுவதென்று எழுதினார்கள். செவிலியர் படிப்புக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஜூனில். பதின்மூன்று ஆண்டுகள்! அதுவும் குறிப்பிட்ட சில பயிற்சி நிறுவனங்களில் படித்தவர்களுக்குத்தான். செவிலியம் படிக்கும் பெண்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர்கள் படிக்கும் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு முயல்வது தமிழக அரசின் வேலை. அயலகத் தமிழர்களுக்கெனத் தனித் துறையும் நலவாரியமும் வைத்திருக்கும் மாநிலம் இது, தில்லியிடம் இதை அழுத்திக் கேட்கலாம். வேலை போனவருக்கான 30 நாள் கெடுவையும் உடன்படிக்கையின் மறுபரிசீலனைப் பேச்சில் எழுப்ப வேண்டும். அமெரிக்காவில் வேலை இழந்த வெளிநாட்டு வல்லுநருக்கு 60 நாள் வரை அவகாசம் உண்டு. அதே அளவைக் கேட்பதில் பிழையில்லை.

தலைமையாசிரியர்கள் பலர் வந்திருப்பதால் கடைசியாக ஒன்று. 2023 செப்டம்பருக்குப் பிறகு, படிப்புக்குப் புள்ளி வேண்டுமானால் பட்டம் உண்மையானதுதான் என்று சரிபார்ப்பு நிறுவனத்தின் சான்று வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். முருகன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் எழுத்தை விரித்து 'முருகன் சுப்பிரமணியம்' என்று இருக்கும். எல்லை ஊர் என்பதால் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அப்பா பெயரைத் தமிழ் உச்சரிப்பில் 'சுப்பிரமணியம்' என்று ஒரு சான்றிதழிலும், தெலுங்கு வழக்கில் 'சுப்ரமண்யம்' என்று இன்னொன்றிலும் ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று மாதங்கள் ஓடிவிடும், அந்த நிறுவனம் அதுவரை காத்திருக்காது. பத்தாம் வகுப்புத் தேர்வர்களின் பெயர்ப் பட்டியலை, அதாவது நாமினல் ரோலை, அனுப்புவதற்கு முன்பு, பெற்றோரை ஒருநாள் பள்ளிக்கு வரவழைத்து, பிள்ளையின் பெயரும் தகப்பன் பெயரும் ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் எந்த எழுத்தில் இருக்கின்றனவோ அதே எழுத்தில் பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்போது திருத்துவது ஒரு நாள் வேலை.